பன்னிரண்டு நாள், இரண்டு டிக்கெட்

ஏ.சி. மெக்கானிக்குக்கு வருஷத்தில் இரண்டே பருவங்கள்தாம். போன் அடிக்கிற பருவம், போன் அடிக்காத பருவம். மார்ச் பிறந்ததும் முதலாவது ஆரம்பித்துவிடும். மாதக்கணக்கில் தூங்கிக் கிடந்த மெஷினை ஊரே ஒரே நாளில் போட்டுப் பார்க்கும். பாதி மெஷின் வெறும் காற்று விடும், கொஞ்சம் சுவரோரமாகத் தண்ணீர் சொட்டும், மிச்சம் வாயே திறக்காது. எல்லாருக்கும் அன்றைக்கே ஆள் வந்தாக வேண்டும். நம்முடைய மெக்கானிக்கும் எல்லாருக்கும் "இதோ வந்துடறேன்" என்றுதான் சொல்வார். முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. தொழிலில் அது அவருக்கு நல்ல பெயரை வாங்கிக் கொடுத்திருந்தது.

வீட்டில் கதை வேறு. கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஒரு ஆசையைச் சொன்னார். வட இந்தியாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும், அதுவும் மார்ச்சில். குளிரும் விட்டிருக்கும், வெயிலும் தலை காட்டியிருக்காது, சாலை நடுவில்கூடப் பூத்துக் கிடக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். "போலாம்" என்றார் இவர். மனதாரத்தான் சொன்னார். அந்த மார்ச்சில் ஒரு பெரிய ஆபீஸ் வேலை வந்து மாட்டியது. அடுத்த மார்ச்சில் மனைவி ஏழு மாதக் கர்ப்பம். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொன்று. இருபத்து நாலு மார்ச் போய்விட்டது. மகள் படித்து முடித்து வெளியூரில் வேலைக்கும் போய்விட்டாள். ஒவ்வொரு ஜனவரியிலும் மனைவி கேட்பார், இவர் "போலாம்" என்பார். இந்த வருஷம் ஜனவரி முடியப் போகிறது, கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையே இவர் கவனிக்கவில்லை.

மனைவிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறரையிலிருந்து வெறும் வயிற்றோடு வருகிறவர்களை வரிசையாக உட்காரவைத்து ரத்தம் எடுப்பார். "அந்தக் காலண்டரைப் பாருங்க, இன்னைக்கு என்ன கிழமை?" என்பார். ஆள் கிழமையைச் சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். எந்தக் காரியத்தையும் அப்படித்தான் செய்வார், சத்தமே இல்லாமல்.

ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு நாள், கடைத்தெரு மாடியில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே இருக்கிற யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கம்ப்யூட்டர் மேலேயே விழுகிறது என்றார்கள். மெக்கானிக் போய்ப் பார்த்தார். தண்ணீர் வெளியேறும் குழாயில் பாசி அடைத்திருந்தது. ஏணி போட்டு ஏறி, யூனிட்டைச் சுற்றி பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு, மூடியைக் கழற்றிப் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார். கீழே டிராவல்ஸ்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தார். கைக்கு வேலை இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஜெய்ப்பூர்ல மூணு ராத்திரி போட்டிருக்கேன் மேடம். சரியா?"

"சரி. ஆனா ஓட்டல் மெயின் ரோட்டுல வேணாம். ஆர்ன் சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வராது. வருஷம் பூரா அதுலதான் கெடக்கறேன்."

மெக்கானிக்கின் பிரஷ் நின்றுவிட்டது. அது அவருடைய சொந்தத் தங்கச்சியின் குரல். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நாலு தெரு தள்ளித் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். யாரோடு பேசினாலும் பக்கத்தில் ஸ்டீரிங் பிடித்திருக்கும் ஆளோடு பேசுவதுபோலவே பேசுவாள்.

"வாரணாசியில படகு காலையிலதானே?" என்று இன்னொரு குரல் பின்னாலிருந்து கேட்டது. "சூரியன் வர்றதுக்கு முன்னாடி தண்ணியில இருக்கணும். அதைக் கேளு."

இது மனைவியின் குரல்.

தூசியோ என்னவோ, இவர் செருமினார்.

"அங்க என்ன சத்தம்?" என்றாள் தங்கச்சி.

"ஏ.சி. ரிப்பேர் நடக்குது மேடம், நீங்க கண்டுக்காதீங்க. அப்ப ரெண்டு பேர்தானே? டிக்கெட் போட்டுட்டா மாத்தறது கஷ்டம்."

இப்போது மனைவியின் குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது. "ரெண்டு பேருதான். மூணாவது ஆளும் வந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா நீங்க ரெண்டே போட்டுடுங்க."

போன் வைக்கப்பட்டது. ஏணிமேல் நின்ற மனிதர் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். பையில் நிரம்பிய அழுக்குத் தண்ணீர் வழிந்து சுவரில் ஒட்டியிருந்த தாஜ்மகால் படத்தின்மேல் ஓடியது. "அண்ணே, தண்ணி!" என்று டிராவல்ஸ்காரர் கத்தியபிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

வேலையை முடித்துக் கீழே இறங்கியதும், படத்தைத் துடைத்துக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். "யாரோ டூர் போறாங்க போல?"

டிராவல்ஸ்காரருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். "ரெண்டு அம்மாங்க. நாத்தனாரும் அண்ணியுமாம். அப்படி ஒரு ஜோடிய நான் பாத்ததே இல்ல. இங்க வர்றதுக்கு முன்னாடியே ஒரு நோட்டு பூரா எழுதி வெச்சிருக்காங்க. டெல்லி, வாரணாசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், அமிர்தசரஸ். பன்னெண்டு நாள். எந்த ஊர்ல எத்தனை மணிக்கு வெளிச்சம் வரும்கறது வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. எனக்கு டிக்கெட் போடற வேலைதான் மிச்சம்."

"எப்பப் போறாங்க?"

"மார்ச் நடுவுல. அதை விட்டா ஏப்ரல்ல அங்க வெயில் தோலை உரிச்சிடும்."

மெக்கானிக் கருவிப் பெட்டியை மூடினார். ஸ்க்ரூடிரைவரை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்ததை, வண்டியில் ஏறியபிறகுதான் கவனித்தார். திரும்பிப் போய் எடுக்க ஏனோ மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. துணி மடித்தார், மகளோடு போனில் பேசினார், அலாரம் வைத்தார். எப்போதும்போலத்தான் இருந்தார். அதுதான் இவருக்குக் குடைந்தது. கோபித்துக்கொண்டு போகிறவளாக இருந்தால் சமாதானம் செய்யலாம். இவளோ நிம்மதியாகப் போகிறாள்.

கோபம் வந்தது உண்மைதான். சொந்தத் தங்கச்சி, ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று பொருமினார். அண்ணி பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று மனசுக்குள் திட்டினார். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, அடுத்தவன் வீட்டு மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்து கேஸ் நிரப்பும்போது, மனைவியிடம் கேட்பதற்கு விதவிதமாகக் கேள்விகளைத் தயார் செய்தார். எந்தக் கேள்வியை எடுத்தாலும் அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று அவருக்கே தெரிந்திருந்தது. நாலாம் நாள் கோபம் தானாகவே தளர்ந்துவிட்டது. அதன் அடியில் இருந்தது வேறு ஒன்று. அந்தப் படகில், அந்த இருட்டு விடியலில், அவள் பக்கத்தில் தான் இருக்கப் போவதில்லை என்பது.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கச்சி வந்தாள். சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய மேப்பை விரித்து, நாலு மூலையிலும் நாலு டம்ளர் தண்ணீரை வைத்தாள். மனைவி உள்ளே பார்த்து, "என்னங்க, கொஞ்சம் வந்து உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

இவர் வந்து உட்கார்ந்தார். "தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"எப்படி?"

"அந்தச் செருமலை இருபத்து நாலு வருஷமாக் கேக்கறேன். எனக்குத் தெரியாதா?"

தங்கச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேப்பைப் பார்த்தாள். இவருக்கு முகம் சூடேறியது.

"அப்ப மூணாவது ஆளு வந்தா நல்லாருக்கும்னு சொன்னது... என் காதுல விழணும்னுதான் சொன்னியா?"

"காதுல விழுந்தா விழட்டும்னு சொன்னேன்."

"என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே?"

மனைவி மேப்பில் ஒரு மடிப்பை விரலால் நீவினார். "கேட்டா நீங்க போலாம்னு சொல்வீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேண்டாம், என்னால முடியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் எப்பவோ தனியாப் போயிட்டு வந்திருப்பேன். நீங்க போலாம் போலாம்னு சொல்லிச் சொல்லியே என்னை உக்கார வெச்சிட்டீங்க. வருஷா வருஷம் பெட்டிய எறக்கித் துடைச்சு மறுபடியும் மேல ஏத்தறேன். அலுத்துப் போச்சுங்க. கோபம்லாம் இல்ல."

அவர் சண்டைக்குத் தயாராக வந்திருந்தால் இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பார். டம்ளரை எடுத்துக் குடித்தார். மேப்பின் மூலை சுருண்டுகொண்டது. தங்கச்சி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்பவும் அங்கேயே வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு லீவாம், அது தெரியுமா?" என்றார் கடைசியில். இரண்டு நாளாகப் போனில் தேடித் தேடிப் படித்துவைத்திருந்தார். தன் பங்குக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

"தெரியும் அண்ணே. வெள்ளிக்கிழமை ஆக்ராவுக்குப் போய்ச் சேர்றோம். சனிக்கிழமை காலையில கேட் தெறக்கும்போது நாங்க வாசல்ல நிப்போம்."

"வாரணாசியில காலையில குளிருமாம்."

"சால்வை எடுத்து வெச்சாச்சு," என்றார் மனைவி.

"நடக்கறதுக்கு நல்ல செருப்பு..."

"வாங்கிட்டோம். ரெண்டு வாரமாப் போட்டுப் பழக்கிக்கிட்டு இருக்கோம்."

அப்போதுதான் மனைவியின் காலைப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் புதுச் செருப்பு. இரண்டு வாரமாக வீட்டுக்குள்ளேயே நடமாடியிருக்கிறது, இவர் கண்ணில் படவில்லை. அதைப் பார்த்ததும்தான் மனிதர் நிஜமாகவே உடைந்துபோனார். குரல் இறங்கிவிட்டது.

"என்னையும் சேத்துக்க முடியுமா?"

நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதையும் முன்பே பேசிவைத்திருக்கிறார்கள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"முழுசா வேணாம்," என்றார் மனைவி. "உங்களால பன்னெண்டு நாள் முடியாது, முடியும்னு சொல்லாதீங்க. நாங்க கெளம்பி எட்டாம் நாள், திங்கட்கிழமை, நேரா ஜெய்ப்பூருக்கு வாங்க. அங்கருந்து அமிர்தசரஸ், அப்புறம் சேந்து வீட்டுக்கு. அஞ்சு நாள். உங்க டிக்கெட்டை நீங்களே போய்ப் போடுங்க. நீங்க வந்தாலும் நாங்க போறோம், வராட்டியும் போறோம். உங்களுக்காக ஒரு நாளும் தள்ளி வைக்க மாட்டோம்."

"சரி."

"போலாம்னு சொல்லலையே?" என்றாள் தங்கச்சி.

"சரின்னுதான் சொன்னேன்."

மறுநாள் அவர் பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாகக் கூட்டாளியிடம் விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. ஊரே அந்த மனிதரைப் பங்காளி என்றுதான் கூப்பிடும். பங்காளி அப்போது ஒரு பழைய கம்ப்ரசரைப் பிளந்து போட்டுக்கொண்டிருந்தார்.

"மார்ச்ல அஞ்சு நாள் லீவா?" என்று நிமிர்ந்தார். "ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா? டாக்டர் என்ன சொன்னார்?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஊர் சுத்தப் போறேன்."

"யாரு, நீயா?"

"நான் இல்லாம இங்க எப்படி ஓடும்னுதான் யோசனை."

பங்காளி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தார். "போன மார்ச்ல என் பொண்ணு பிரசவத்துக்குப் பத்து நாள் போனேனே. பட்டறையை இழுத்து மூடிட்டியா? ஒருத்தனா ஓட்டுனே இல்ல? உன்னால முடியும், என்னால முடியாதா? இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தியா?"

"அப்படி இல்லப்பா..."

"அப்படித்தான். போய் டிக்கெட்டைப் போடு. இங்க நின்னு என் மூடைக் கெடுக்காத."

மத்தியானமே டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனார். டிராவல்ஸ்காரர் அவரைப் பார்த்ததும் மேஜை டிராயரிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தனக்கு ஒரு டிக்கெட் வேண்டும், அந்த இரண்டு அம்மாக்களோடு ஜெய்ப்பூரில் போய்ச் சேர வேண்டும் என்றார். டிராவல்ஸ்காரரின் முகத்தில் சந்தேகம் ஓடியது.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணு சம்சாரம், ஒண்ணு தங்கச்சி."

டிராவல்ஸ்காரர் அண்ணாந்து ஏ.சி.யைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். அன்றைக்கு ஏணிமேல் நின்றவருக்கு என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. "உக்காருங்க அண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு டைப் அடிக்க ஆரம்பித்தார்.

மார்ச் நடுவில், ஒரு திங்கட்கிழமை விடியலில், பெண்கள் இருவரும் கிளம்பினார்கள். விமான நிலையத்தில் மனைவி திரும்பிப் பார்த்துக் கையாட்டுவார் என்று இவர் நின்றார். தங்கச்சிதான் ஆட்டினாள். மனைவி முன்னால் போய், எந்த வரிசை சின்னதாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் இவருக்கு எப்படிப் போனது என்றே தெரியவில்லை. வெயில் ஏறிவிட்டது. போன் ஓயவில்லை. தினமும் சாயங்காலம் மனைவியிடமிருந்து ஒரு படம் வரும், விளக்கம் ஒன்றும் இருக்காது. செங்கல் நிறக் கோட்டைச் சுவர். வட்டப் பாத்தியில் ஆரஞ்சுப் பூக்கள். தண்ணீரில் படகின் மூக்கு, அதற்கு மேலே வானம் வெளுக்க ஆரம்பித்த கோடு. அந்தப் படத்தை மட்டும் ஒரு வீட்டு மொட்டை மாடியில், வெளி யூனிட்டின் நிழலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வந்த படத்தில் தாஜ்மகால் இல்லை. அதைப் பார்த்தபடி புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சியின் முதுகு மட்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டியைப் பாதி அடுக்கியிருந்தார். போன் அடித்தது. ஊரின் பெரிய ஆபீஸ் கட்டடம் ஒன்றின் மேனேஜர். பழைய வாடிக்கையாளர்.

"மூணாவது மாடி மொத்தமும் கூலிங் இல்ல. நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வருவாங்க. இன்னைக்கு நீங்க வந்தே ஆகணும். நாளைக்கும் இருந்து முடிச்சுக் குடுத்துடுங்க."

"இதோ..." என்று வாய் தானாகத் திறந்தது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், நாக்கு பாதி தூரம் ஓடிவிட்டது. அப்படியே நிறுத்தினார். கையில் மடித்த சட்டை இருந்தது.

"சார், என்னால வர முடியாது."

மேனேஜர் இந்தச் சொல்லை இவரிடமிருந்து முதல் தடவையாகக் கேட்கிறார்.

"ஊருக்குப் போறேன். என் பங்காளி இன்னைக்கு வருவாரு. அவரைவிட நல்லாப் பாக்கறவங்க யாரும் கெடையாது. நான் திரும்பி வர்றது சனிக்கிழமைதான்."

"அப்படியா," என்றார் மேனேஜர். "சரி, அப்ப அவரை வரச் சொல்லுங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டது. இவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூரை இடிந்து விழும் என்று இத்தனை வருஷமாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, கையை எடுத்தாலும் கூரை அப்படியேதான் நிற்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? சந்தோஷமாகவும் இருந்தது, ரோஷமாகவும் இருந்தது. பங்காளிக்குப் போன் போட்டுச் சொன்னார். பங்காளி, "நீ இன்னும் கெளம்பலையா?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் ஜெய்ப்பூரில் இறங்கினார். வெளியே வந்ததும் காற்று முகத்தில் பட்டது. வெயில் இருந்தது, ஆனால் அடிக்கவில்லை. கூட்டத்தில் மனைவியைத் தேடினார். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டு, மூக்கு நுனி சிவந்து, கழுத்தில் மஞ்சள் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் ஆட்டோக்காரரிடம் கையை ஆட்டி ஏதோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். இந்தி மாதிரிதான் இருந்தது. நாலே சொல்தான், ஆனால் நாலையும் திருப்பித் திருப்பிப் போட்டு ஆளை மடக்கிவிட்டார்.

"வந்துட்டீங்களா," என்றார் இவரைப் பார்த்ததும். கண்ணாடியைக் கழற்றினார். பெட்டியை இவர் கையிலிருந்து வாங்கித் தானே ஆட்டோவில் வைத்தார். கைப்பிடியை விட்டபிறகும் அவர் கை கொஞ்ச நேரம் பெட்டிமேலேயே இருந்தது.

சாயங்காலம் தங்கச்சி ஓட்டல் அறையில் படுத்துவிட, இருவரும் பழைய நகரத்துக் கடைத்தெருவில் நடந்தார்கள். இளஞ்சிவப்புக் கட்டடங்களில் மாலை வெயில் பட்டுச் சுவரெல்லாம் உள்ளேயிருந்து எரிவதுபோல இருந்தது. இவர் ஒரு கட்டடத்தைக் காட்டி என்ன என்று கேட்டார். மனைவி சொன்னார். இன்னொன்றைக் கேட்டார், அதையும் சொன்னார். ஒரு நாள் முன்னால் வந்தவருக்கு நாலு தெரு அத்துப்படி. சாலையைக் கடக்கும்போது மூன்று பக்கமிருந்தும் வண்டி வந்தது. இவர் தயங்கி நின்றார்.

"நின்னா கடக்க முடியாது. என் கையப் புடிச்சுக்கோங்க," என்று இழுத்துக்கொண்டு போனார் மனைவி. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபிறகும் இவர் கையை விடவில்லை.

"தாஜ்மகால் எப்படி இருந்துச்சு?"

"சொல்ல வரலைங்க. மொதல்ல ஒண்ணுமே தோணல. படத்துல பாத்த மாதிரியேதான் இருந்துச்சு. அப்புறம் உக்காந்தோம். ஒரு மணி நேரம் போனதும் வெயில் மாறுச்சு. கல்லு நெறமும் மாறுச்சு. அப்ப..." நிறுத்தினார். "அப்ப உங்களக் கொஞ்சம் திட்டினேன்."

"நல்லாத் திட்டினியா?"

"நல்லாவே."

"அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் மறுபடியும் அங்க..."

"அடுத்த வருஷத்தப் பத்தி இப்பப் பேசாதீங்க," என்றார் மனைவி. "நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் கோட்டைக்குக் கார் வருது. அதுக்கு ரெடியா இருங்க, போதும்."

இவர் ஆறரைக்கே தயாராகிக் கீழே வந்தார். கார் வந்துவிட்டிருந்தது. தங்கச்சி அதற்குள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு வார்த்தை தமிழ் தெரியாத டிரைவருக்குக் கண்ணாடியை எப்படித் திருப்பி வைக்க வேண்டும் என்று தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இவர் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.